நாற்பது பதம்

காப்பிக்கொட்டை அரைக்க ஒரு உசத்தியான மிஷினைத் தேர்ந்தெடுக்க மகுடபதிக்கு எட்டு மாதம் பிடித்தது. சமையல் மேடையில் பளபளவென்று வந்து உட்கார்ந்த அதைப் பக்கத்திலிருந்த பித்தளை ஃபில்டர் கண்கொட்டாமல் பார்த்தது. ஆவல் தாங்காமல் கேட்டேவிட்டது.

"ஏம்ப்பா, உனக்கு எத்தனை பதத்துல அரைக்கத் தெரியும்?"

"நாற்பது."

"அடேங்கப்பா! அதுல என் பதம் எது?"

"தெரியலையே. எட்டு மாசமும் அவர் மோட்டாரைப் பத்தித்தான் விசாரிச்சார். உன் பேச்சே வரலை."

மகுடபதி வந்தார். இவ்வளவு விலை கொடுத்த மிஷினில் கொரகொரவென்று அரைப்பதா என்று, முகப்பவுடர் மாதிரி நைசாக அரைத்தார். அதை ஃபில்டரில் போட்டு வெந்நீர் ஊற்றினார். ஒரு மணி நேரமாகியும் சொட்டு டிகாக்‌ஷன் இறங்கவில்லை. வழக்கம்போல ஸ்பூனால் ஃபில்டரின் தலையில் நாலு தட்டுத் தட்டினார். அப்போதும் இறங்கவில்லை.

"மிஷின் அருமை. இந்த ஃபில்டர்தான் தண்டம்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்து, புது ஃபில்டர் தேட ஆரம்பித்தார்.

"என்னைத் தூக்கிப் போட்டுடுவாரா?" என்றது ஃபில்டர்.

"பயப்படாதே" என்று மெல்லச் சொன்னது மிஷின். "இன்னும் எட்டு மாசத்துக்கு நீதான்."