சாமிக்குக் கோபம் வரவில்லை

"என்ன சிற்பி, சாமி நம்மளக் காப்பாத்துமா, இல்ல சாமிய நாமதான் காப்பாத்தணுமா?"

கோயில் தலைவர் கேட்டதில் தப்பில்லை.

பன்னிரண்டடிக் காவல் தெய்வம். ஓங்கிய அரிவாள், முறுக்கு மீசை, வெளியே நீண்ட கோரைப்பல், எல்லாம் கச்சிதம். கண் மட்டும், பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்க வந்த கண்.

சிற்பிக்கு இது பழைய வியாதி. அவர் கை பட்டால் சிங்கமே மன்னிப்புக் கேட்பதுபோல்தான் நிற்கும். வீட்டுப் பூனைகூட அவர் வந்தால் நகர்ந்து இடம் கொடுத்ததில்லை.

விடிந்தால் பூசை. மாலைக்குள் உக்கிரம் ஏறாவிட்டால் வேறு ஆளை வைத்துக் கண் எழுதிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுத் தலைவர் போய்விட்டார். முப்பது வருடத் தொழில். தான் செய்த சாமிக்கு இன்னொருவன் கண் எழுதினால், அப்புறம் தலை நிமிர்ந்து தெருவில் நடக்க முடியுமா?

கண்ணாடி பார்த்து முறைத்தார். சிரிப்பு வந்தது.

கோபத்துக்கு வெளியே ஏன் அலைய வேண்டும் என்று, சோறு கொண்டுவந்த மனைவியைச் சீண்டினார். உப்பில்லை என்றார். அவள் தம்பியை ஒரு பிடி பிடித்தார்.

"பசியில ஏதோ உளர்றீங்க, சாப்பிடுங்க" என்று அவள் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

கடுப்பில் சாரத்தில் ஏறியவர், பலகையின் நுனியில் காலை வைத்தார். பலகை அந்தப் பக்கம் எழும்பியது. இவர் இந்தப் பக்கம் போனார்.

சாமியின் அரிவாள் கையைப் பிடித்துத் தொங்கியபடி கீழே பார்த்தார்.

மனைவி. எண்பது கிலோவை ஏந்திவிடலாம் என்பதுபோல் இரண்டு கையையும் விரித்து நின்றாள். விழி பிதுங்கி, வெள்ளையெல்லாம் சிவந்து, இமைக்கவே இல்லை.

காலால் துழாவி, சாமியின் தொடையில் ஊன்றி, எப்படியோ இறங்கினார். இறங்கியதும் முதல் வேலையாகத் தூரிகையைத் தேடினார்.

மாலையில் தலைவர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். கூட வந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருவர், யாரும் கேட்காமலே பழைய பொய் ஒன்றை அங்கேயே ஒப்புக்கொண்டார்.

சிற்பி மீசையை முறுக்கக் கையைக் கொண்டுபோனார். மீசை இல்லாதது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கூட்டம் கலைந்தபின் மனைவி வந்து அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, சாமி ஏன் இப்படிப் பயந்து போயிருக்கு?"