முதலைக்குப் பல் போன கதை

"இது வரைஞ்சதே இல்ல டாக்டர். கம்ப்யூட்டர் துப்பினது."

அக்கா இதைச் சொன்னபோது தங்கை வரவேற்பு மேஜைக்குப் பின்னால் நின்றிருந்தாள். பல் மருத்துவமனையின் கடைசி நோயாளியும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பியாகிவிட்டது. மேஜைமேல் இருந்த டேப்லெட் திரையில் ஒரு முதலை வாயை ஆவென்று திறந்து சிரித்துக்கொண்டிருந்தது. குழந்தைகள் காத்திருக்கும் அறையின் சுவருக்காகத் தங்கை வரைந்தது. நாளைக் காலை அச்சுக்குப் போக வேண்டும். டாக்டருக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும், "உங்க அக்கா டிராயிங் டீச்சராச்சே, அவங்களும் பார்த்து ஒரு வார்த்தை சொல்லட்டுமே" என்று வரச் சொல்லியிருந்தார்.

அக்கா ஒரு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் இல்லை.

"நல்லாத்தானே இருக்கு டீச்சர்?" என்றார் டாக்டர்.

"நல்லா இருக்கே, அதான் சந்தேகம். இவ கை எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல ஆப்பிள் போடச் சொன்னா மூக்கு போடுவா. இப்ப என்ன, அந்தக் கண்ணாடியில பேனாவைக் காட்டினா போதும், மிச்சத்தை அதுவே போட்டுக்கும். இதுக்குக் கீழ இவ பேரையும் எழுதி மாட்டினீங்கன்னா, என் ஸ்கூல் பசங்க என்னைப் பார்த்துத்தான் சிரிப்பாங்க."

டாக்டர் தாடையைத் தடவினார். "அப்ப பேர் வேண்டாம்ங்கிறீங்களா?"

"படமே வேண்டாம்ங்கிறேன்."

தங்கை டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்தாள்.

தினமும் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேஜையில் டேப்லெட்டோடு உட்கார்ந்து, வீடியோ பாடங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவள் அவள். முதலில் வெறும் வட்டம். பேனா கண்ணாடியில் வழுக்கும், வட்டம் நசுங்கும். "வட்டமாடி இது? பஸ் ஏறின தக்காளி" என்பாள் அக்கா, போகிற போக்கில்.

"ஏறட்டும். அடுத்த தக்காளி போடுறேன்" என்பாள் இவள்.

வட்டம் வட்டமான பிறகு கோடு, பெட்டி, பெட்டியின் நிழல், மீன் கண். கடைசியில்தான் முதலை. அதுவும் லேசில் மடங்கவில்லை. போன வாரம் கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், முன்வரிசையில் ஒரு பல்லையே காணோம். போட்டது நன்றாக ஞாபகம் இருந்தது.

"அதுவே போடும், அதுவே அழிக்கும். மெஷின் புத்தி" என்றாள் அக்கா, இடது கையில் பிடித்த கத்தியால் காய் நறுக்கிக்கொண்டே, நிமிராமல். தங்கை மறுபடி பல் கட்டினாள்.

இப்போது டேப்லெட்டை மூன்று பேருக்கும் தெரிகிற மாதிரி நிமிர்த்தி வைத்தாள்.

"சரிக்கா. கம்ப்யூட்டர் எப்படித் துப்பிச்சுன்னே பார்த்துடலாம். முதல் கோட்டுலேர்ந்து அப்படியே ஓட்டிக் காட்டும் இது."

"ஓட்டேன். எனக்கென்ன பயம்?"

திரை வெள்ளையாயிற்று. ஒரு கோடு ஓடியது. தாடை வந்தது, கோணலாக. அழிந்தது. மறுபடி வந்தது, மறுபடி அழிந்தது. கண் இடம் மாறியது. வால் படத்தின் ஓரத்தை விட்டு வெளியே போய், வெட்டுப்பட்டு, சுருண்டு திரும்பியது. பச்சைக்கு அடியில் மஞ்சள் பரவியது.

"எத்தனை தடவைம்மா அந்தத் தாடையை மாத்தின?"

"எண்ணல டாக்டர். சரியா வர்ற வரைக்கும்."

பற்கள் ஒவ்வொன்றாக முளைத்தன. "போதும், பேர் போட்டே மாட்டிடலாம்" என்று டாக்டர் எழுந்திருக்கப் போனார். அப்போது முதலையின் திறந்த வாய்க்கு நடுவில் ஒரு வட்டம் விழுந்தது. நசுங்கிய வட்டம். பக்கத்திலேயே இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. வரிசையாக, பஸ் ஏறின தக்காளிகள்.

தங்கை குனிந்து பார்த்தாள். அவள் வட்டப் பாடத்தை முடித்து மாதக்கணக்காகிறது. அதோடு, அவள் வட்டம் எப்போதும் இடப்பக்கமாகச் சுழலும். இவை வலப்பக்கமாகச் சுழன்றன, இடது கைக்காரர் போட்ட மாதிரி.

திரையில் அழிப்பான் அவசரம் அவசரமாக வந்து, எல்லாத் தக்காளிகளையும் துடைத்தது. போகிற வேகத்தில் முன்வரிசைப் பல் ஒன்றையும் கொண்டுபோயிற்று.

"அடடே, பல்லு போச்சே! இதை நான் எடுக்கலப்பா" என்று டாக்டர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அக்காவின் இடது கை மெல்ல மேஜைக்கு அடியில் போயிற்று.

"அழிச்சா போயிடும்னு நெனச்சேன்டி" என்றாள், பாதிக் குரலில்.

தங்கை பேனாவை அவள் பக்கம் உருட்டிவிட்டாள். "அது கிடக்கட்டும்க்கா. நீ பேனாவைக் காட்டினப்ப மட்டும், மிச்சத்தை அது ஏன் போடல?"