பிள்ளைகள் பங்கு வலி

பழங்கால ரோம் நகரத்து வாள்சண்டை மைதான வாசலில், காலப்பயணச் சுற்றுலா வந்த குடும்பத்திடம் பணிப்பெண் நாலு கைவளையங்களை நீட்டினாள்.

"நீங்க எந்த வீரனுக்காகக் கத்துறீங்களோ, அவன் படுற வலி உங்க உடம்புக்கு வரும். பிள்ளைங்க பங்கை மட்டும் பெரியவங்க யாராவது வாங்கிக்கணும்."

"இவ வாங்கிப்பா," என்றான் பரிதி. "ரெண்டு பிரசவம் பார்த்த உடம்பு. நான் வீடியோ எடுக்கணும்."

அவன் மனைவி சுடரொளி பிள்ளைகளின் வளையங்களையும் தன் கையிலேயே போட்டுக்கொண்டாள்.

உள்ளே மகன் ஆதன் வாள்காரனுக்குக் கத்தினான். காலையிலிருந்தே அண்ணனோடு சண்டையிலிருந்த தங்கை மகிழி, வேண்டுமென்றே வலைக்காரனுக்குக் கத்தினாள். வலைக்காரனின் சூலம் வாள்காரனின் தொடையில் இறங்கியது. வாள்காரன் எழுந்து அவன் விலாவைக் கிழித்தான். இரண்டு தடவையும் சுடரொளி கல்படியில் விழுந்து புரண்டாள்.

"அம்மா, மறைக்குது," என்றான் ஆதன்.

"இந்தப் பக்கம் திரும்பு, முகம் விழலை," என்றான் பரிதி.

அடுத்த சண்டை ஒருத்தனுக்கும் சிங்கத்துக்கும்.

"என்னங்க, கையைக் காட்டுங்க. தண்ணி குடிச்சிட்டு வந்து திரும்ப வாங்கிக்கிறேன்."

அவன் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை நீட்டினான். பிள்ளைகளின் வளையங்களை அதில் மாட்டிவிட்டாள்.

"அம்மா, நாங்க சிங்கத்துக்குக் கத்தவா?"

"வேண்டாம் கண்ணு. அதுகிட்ட மாட்டின மனுஷனுக்குக் கத்துங்க. பாவம், அவருக்குன்னு யாருமில்லை. ரெண்டு பேரும் சேர்ந்து, நல்லாச் சத்தமா."