பரிவட்டம் யாருக்கு

“இந்த வருஷம் கோயில்ல முதல் பரிவட்டம் உங்க பங்காளிக்காம்” என்றாள் மங்கையர்க்கரசி.

சாப்பிட்டுக்கொண்டிருந்த செங்குட்டுவன் நிமிர்ந்தான். மூன்று வருடமாக அது அவன் தலையில் ஏறுவது.

“இளவரசனுக்கா? எதுக்கு?”

“விண்வெளியில புதுசா ஒரு நாடு ஆரம்பிச்சிருக்காங்கள்ல, அதுல எம்.பி.க்கு நிக்கிறாரு. யாரு வேணும்னாலும் போன்லயே குடிமகனாச் சேர்ந்து ஓட்டுப் போடலாமாம். ஜெயிச்சா எம்.பி.க்குத்தான் முதல் மரியாதைன்னு தர்மகர்த்தா சொல்லிட்டாராம். ஒரத்தநாட்டுல ஃப்ளெக்ஸுக்குக்கூட சொல்லியாச்சு.”

“ஒரு குழி நிலம் உண்டா அங்க? ஆறு உண்டா? அதுக்கு ஒரு எம்.பி.” அதற்குமேல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் அவளே முடிவையும் சொன்னாள்.

“இளவரசன் ரெண்டே ஓட்டுல தோத்துட்டாரு. ஜெயிச்சது யாரோ பிரேசில்காரராம். அவங்க வீட்டுல அடுப்பே எரியலை.”

“அடப் பாவமே. ஒரு எட்டு போய் ஆறுதல் சொல்லிட்டு வந்துடறேன்.” செங்குட்டுவன் இருப்பதிலேயே நல்ல சட்டையாக எடுத்து மாட்டினான்.

“போனை வச்சிட்டுப் போங்க.”

“ஏன்?”

“‘விண்வெளிக் குடிமகனே, வாக்களித்ததற்கு நன்றி’ன்னு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. அவரு முன்னாடி அடிச்சா நல்லாவா இருக்கும்?”

செங்குட்டுவன் அசடு வழிந்தான். “பிரேசிலுக்கு நான் போட்டது ஒரு ஓட்டுதான். இன்னொண்ணு யாரு?”

அப்போது அவள் போனும் மணியடித்து, ‘விண்வெளிக் குடிமகளே’ என்று காட்டியது. மங்கையர்க்கரசி அதை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

“இருங்க, புடவை மாத்திக்கிட்டு நானும் வர்றேன்.”