டிஸ்க்கில் இடமில்லை

“அழிக்கச் சொன்னா அழிக்க வேண்டியதுதானே? ஒரு பட்டனைத் தட்டக்கூடவா கை வலிக்குது?”

அரூரில் ஸ்கேன் சென்டர் வைத்திருக்கும் சந்திரமோகன் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ரிசப்ஷனில் வேலை செய்யும் சோபனா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஒரு வருஷத்துக்கு மேல் பழசான ஸ்கேன் படங்களை மாசம் ஒரு தடவை சர்வரிலிருந்து அழிப்பது அவள் பொறுப்பு. இந்த மாசம் அழிக்கவில்லை. டிஸ்க் நிறைந்துவிட்டது.

உள்ளே ஸ்ட்ரெச்சரில் ராமக்காள் கிடந்தாள். மரவள்ளிக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்திருக்கிறாள். வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. ஆனால் படம் சர்வரில் ஏறினால்தான் சேலத்து டாக்டர் அங்கிருந்தே பார்த்துச் சொல்ல முடியும். அது ஏறமாட்டேன் என்கிறது.

“இன்னும் எவ்வளவு நேரங்க?” மகன் மாது இதை நாலாவது தடவையாகக் கேட்கிறான். “ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசியை நாலு மணி நேரத்துக்குள்ள போட்டாகணுமாங்க. பக்கத்து ஆஸ்பத்திரியில சொன்னாங்க. ரெண்டு மணி நேரம் இங்கயே போயிருச்சு.”

இந்த சர்வரைப் போட்டுக் கொடுத்த அருண்குமார் அப்போதுதான் தருமபுரியிலிருந்து பைக்கில் வந்து இறங்கியிருந்தான்.

“தம்பி, பழசுல ஆயிரம் படத்தைத் தூக்கு. வேலை முடிஞ்சிரும்” என்றார் சந்திரமோகன்.

“எதையும் தூக்க வேணாம் சார். இடத்தையே பெருசாக்கிடலாம்.”

“புது டிஸ்க் கொண்டாந்திருக்கியா?”

“தேவையில்லைங்க. இந்தப் பெட்டி ஒரு கம்ப்யூட்டர். உங்க ஸ்கேன் படமெல்லாம் இருக்கிறது இதுக்குள்ள நான் உண்டாக்கின இன்னொரு கம்ப்யூட்டர்ல. கையில தொட முடியாது, ஆனா ஓடும். அதுக்கு எவ்வளவு இடம்னு நாமதான் சொல்றோம்.”

“அடப்பாவி! இல்லாத கம்ப்யூட்டருக்கா மூணு வருஷமா தூசி தட்டிக்கிட்டிருக்கேன்?”

அருண் செட்டிங்கைத் திறந்தான்.

பெட்டியில் நாலாயிரம் ஜிபி இருக்கிறது. உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருப்பது ஐநூறு. ‘இப்போதைக்கு இது போதும், மீதியை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்டது அவனேதான். மூணு வருஷமாக அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை. அவ்வளவு இடம் சும்மா கிடக்க, மாசாமாசம் ஜனங்களின் படத்தை அழித்திருக்கிறார்கள்.

“பாரு, அந்தத் தம்பி எங்கிருந்து ஓடியாந்து வேலை பாக்குது! நீயும்தான் இருக்கியே!” சந்திரமோகன் இன்னும் சோபனாவை விடவில்லை.

அருண் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தான். தப்பு தன்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்கணும்.

ஐநூறு இருந்த இடத்தில் மூவாயிரம் என்று அடித்தான். உள் கம்ப்யூட்டரில் போய், புதிதாக வந்த இடத்தைப் பழையதோடு சேர்த்தான். எதையும் நிறுத்தவில்லை. ஒரு திருகைக்கூடக் கழற்றவில்லை. திரையில் டிஸ்க் நிறைந்துபோனதைக் காட்டிச் சிவப்பாக நின்ற கோடு சட்டென்று நீலமாகிக் கொஞ்சூண்டாகச் சுருங்கியது. ராமக்காளின் படம் ஏற ஆரம்பித்தது.

மாது வாயைப் பிளந்தான். “நெலம் வாங்காம, செவுத்த இடிக்காம, வூட்டைப் பெருசாக்கிட்டீங்களே சாமி!” என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

அந்தக் கும்பிடு அருணைச் சுட்டது.

அடுத்த அஞ்சாவது நிமிஷம் சேலத்து டாக்டர் போனில் வந்தார். “மூளையில ஒரு கறுப்புத் தழும்பு தெரியுது. பழசுன்னா உடனே ஊசி போடலாம். புதுசுன்னா போடக் கூடாது, ரத்தம் கசிஞ்சிரும். அந்தம்மாவுக்கு முன்னாடி ஸ்கேன் எடுத்திருக்கா?”

“எடுத்தோமுங்க, இங்கயேதான்” என்றான் மாது. “போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போயிட்டு வந்து தலை சுத்தி வுழுந்துச்சு. அந்த ஃபிலிமு கூரை ஒழுகி வீணாப் போயிருச்சுங்க.”

சந்திரமோகனின் குரல் இறங்கிவிட்டது. “சர்வர்லயும் இருக்காது. அழிக்கச் சொல்லிட்டேனே...”

அருண் திரையைப் பார்த்தான். ரெண்டாயிரத்து ஐநூறு ஜிபி காலியாக இருக்கிறது. அதில் இருக்க வேண்டிய அந்த ஒரு படம் இல்லை.

சோபனா மேசை டிராயரை இழுத்தாள். உள்ளே வரிசையாக மாத்திரை கவர்கள். ஒவ்வொரு கவரிலும் ஒரு பென்டிரைவ். மேலே பேனாவில், எந்த மாசத்திலிருந்து எந்த மாசம் வரை, எந்த வருஷம் என்று.

“ஆடிப்பெருக்குன்னா ஆகஸ்ட்டு” என்று முணுமுணுத்தபடி ஒன்றை எடுத்துச் செருகினாள்.

ராமக்காள். இருந்தது. படத்தைச் சேலத்துக்கு அனுப்பினாள்.

“அதே தழும்புதான்! பழசு! ஊசியைப் போடச் சொல்லுங்க!” டாக்டர் போனில் கத்தினார். ஸ்ட்ரெச்சர் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியது. கூடவே மாதுவும்.

அருண் அந்தக் கவர்களையே பார்த்துக்கொண்டு நின்றான். பத்து இருந்தன. நாலாயிரம் ஜிபி பெட்டிக்குப் பக்கத்தில், டிராயரின் ஒரு மூலையில்.

“சார், தப்பு என்னுது” என்றான். “இந்த இடம் மொத நாள்லேருந்தே இருந்துச்சு. நான்தான் கொடுக்காம வுட்டுட்டேன். எதையுமே அழிச்சிருக்க வேணாம்.”

சந்திரமோகன் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஏம்மா, நான் அழிக்கச் சொன்னதையெல்லாம் காப்பி எடுத்து வச்சிக்கிட்டுத்தான் அழிச்சியா?”

“ஃபிலிமை யாருங்க பத்திரமா வச்சிருக்காங்க? ஒரு நாளைக்கு இங்கதானே வந்து நிப்பாங்க.”

“அப்ப இந்த மாசம் மட்டும் ஏன் அழிக்கலை?”

சோபனா தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“பத்தும் ரொம்பிருச்சுங்க சார். அடுத்த பென்டிரைவ் வாங்கணும்னா எனக்குச் சம்பளம் வரணுமே.”