மாப்பிள்ளை ரகம்

மாமனார் கையில் அரிவாளோடு வாசலில் வந்து நின்றபோது, மருமகன் கண்ணாடி முன்னால் கண் கலங்கிக்கொண்டிருந்தார்.

பயப்பட ஒன்றுமில்லை. அன்று மதியம் பேச வேண்டிய நன்றியுரைக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. "இந்த வெற்றி என்னோடது இல்லை, என் மாமனாரோடது" என்று சொல்லும் இடத்தில் தொண்டை அடைக்க வேண்டும். ஐந்து தடவை முயன்றும் இருமல்தான் வந்தது. (இதையெல்லாம் பிற்பாடு நமக்கு நடித்துக் காட்டிச் சொன்னதும் அவரேதான்.)

"மாப்பிள்ளை, வயலுக்குப் போயி மாதிரிக் கரும்பு வெட்டிட்டு வந்துடறேன்."

"வெட்டுங்க மாமா. உங்க கையால வெட்டுனாத்தான் எனக்குத் திருப்தி."

இருவருமே சர்க்கரை ஆலைப் பண்ணையில் புதுக் கரும்பு ரகங்களை உருவாக்குகிறவர்கள். மாமனார் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் அவர் உருவாக்கிய ரகம் ஓய்வு பெறவில்லை. முப்பது வருஷமாக வயலெல்லாம் அதுதான். பண்ணை ஆட்கள் அதைப் 'பெரியவர் ரகம்' என்பார்கள். அதை வீழ்த்தவென்றே பதினோரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு மருமகன் கொண்டுவந்தது 'மாப்பிள்ளை ரகம்'.

எந்த ரகத்தில் சர்க்கரை அதிகம் என்று ஆய்வகத்தில் பார்த்த முதல் சோதனையில் மாப்பிள்ளை ரகம் மண்ணைக் கவ்வியது. மருமகன் எட்டு நாள் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூடத் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினார்.

ஒன்பதாம் நாள் மாமனார் வந்து உட்கார்ந்தார். "அடுத்த தடவையிலேருந்து ரெண்டு ரகத்தையும் நானே வெட்டித் தர்றேன் மாப்பிள்ளை. அப்புறம் நீங்க ஜெயிச்சா எவனும் நாக்கு மேல பல்லைப் போட்டுப் பேச முடியாது."

பண்ணையும் சரி என்றது. எதிராளியே தன் கையால் வெட்டித் தரும்போது இதைவிட நாணயம் வேறென்ன வேண்டும்?

அதன்பிறகு ஆறு சோதனை, ஆறு வெற்றி. மருமகனுக்குத் தலை கால் புரியவில்லை. அவருடைய கரும்புத் துண்டுகள் ஒவ்வொரு முறையும் மண்ணும் வேருமாகத்தான் ஆய்வகத்துக்கு வரும். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி தேய்த்துக் கழுவியே கை ஓய்ந்துபோவாள். "அதெல்லாம் என் ரகத்தோட பிடிமானம்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் விளக்கம் வேறு சொன்னார் மருமகன்.

மாமனாரின் முதுகில் தட்டி ஆறுதலும் சொன்னார். "மனசைத் தளர விடாதீங்க மாமா. புதுசு வந்தா பழசு வழிவிட்டுத்தானே ஆகணும்?"

"ரொம்ப சரி மாப்பிள்ளை" என்பார் பெரியவர்.

இன்றைக்கு நடப்பது எட்டாவது சோதனை, கடைசிச் சோதனை. மதியம் ஆலை மேலாளர் கையெழுத்துப் போட்டுவிட்டால், அடுத்த பருவத்தில் இரண்டாயிரம் விவசாயிகள் மாப்பிள்ளை ரகத்தைத்தான் நடுவார்கள்.

ஒன்பது மணிக்கு இரண்டு கட்டும் ஆய்வகத்துக்கு வந்தன. அன்று மனைவிக்குக் கழுவுகிற வேலைகூட இல்லை. துண்டுகளைச் சின்ன ஆலையில் கொடுத்துச் சாறு பிழிந்தாள், வடிகட்டினாள், கருவியில் வைத்துப் பார்த்தாள். நூறு கிலோ கரும்பை ஆட்டினால் எத்தனை கிலோ சர்க்கரை தேறும் என்று கணக்குப் போட்டாள். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டாள்.

"பெரியவர் ரகம் பதினொன்னரைங்க."

"பாவம், நல்லாத்தான் வந்திருக்கு. நம்மளோடது?" மருமகன் நன்றியுரையின் இரண்டாம் பக்கத்தில் இருந்தார்.

"ஒன்பது."

"சரியாப் பாரு."

"மூணு தடவை பாத்துட்டேங்க. ஒன்பதுதான்."

மருமகன் தலை நிமிர்ந்தார். மூலையில் மாமனார் அரிவாளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அவ்வளவுதான், மருமகனுக்குப் பொறி தட்டியது. நன்றியுரையைக் கசக்கி எறிந்தார்.

"புரிஞ்சுபோச்சு மாமா! ஆறு தடவை பல்லைக் கடிச்சிட்டுப் பொறுத்தீங்க. கடைசி நாள் வந்ததும் மனசு கேக்கல. சப்புன்னு கிடக்கிற நுனியை என் கரும்புல வெட்டிட்டு, தித்திக்கிற அடியை உங்க கரும்புல வெட்டிட்டு வந்துட்டீங்க!"

"என்னங்க, அப்பாவைப் பாத்து இப்படியா பேசறது?" என்று மனைவி பதறினாள்.

"நீ சும்மா இரு! முப்பது வருஷமாப் பேரெடுத்தவரு, ஒரு துண்டுக் கரும்புல ஏமாத்தினாரா இல்லையா? அவரே சொல்லட்டும்."

பெரியவர் அரிவாளை மேஜையில் வைத்தார். மகளை ஒருமுறை பார்த்தார். கண்ணில் நீர் திரண்டிருந்தது. அதற்கு ஒத்திகை எதுவும் பார்த்ததாகத் தெரியவில்லை.

"ஏமாத்தினது உண்மைதான் மாப்பிள்ளை."

"ஆஹா! ஒத்துக்கறீங்க!" மருமகன் கையைத் தட்டினார். ஆய்வகம் முழுக்க எதிரொலித்தது.

"எம் பொண்ணு வீட்டுல நிம்மதியா இருக்கட்டுமேன்னு செஞ்சது. ஆனா நம்மளை நம்பிக் கரும்பு நடப்போற இத்தனை பேரு வயித்துல அடிக்க மனசு வரல."

மருமகனின் கைகள் தட்டின நிலையிலேயே நின்றன. "என்ன மாமா சொல்றீங்க?"

"இன்னைக்குத்தான் ஒழுங்கா வெட்டுனேன்."