ஜன்னலோரக் காளான்

மருமகள் பிடுங்கி எறிந்த மறுநாளே மஞ்சள் காளான்கள் மறுபடியும் குடை விரித்து நின்றன. மாமியாரின் கட்டிலை ஒட்டி ஜன்னலோரமாக இருந்த தொட்டியில் மட்டும்தான். ஹாலில் இருந்த செடிகளுக்கு ஒரு குறையும் இல்லை.

விதைக்காமலே விளையுது, அதிர்ஷ்டக்காரிதான் நீ என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். தண்ணீர் கூடிப்போனால் அப்படி வரும் என்றார் செடிக் கடைக்காரர். சரியென்று தண்ணீரை நிறுத்தியும் பார்த்தாயிற்று. மண் மட்டும் காய்வேனா என்றது.

அன்று சலவைக் கடையில் இஸ்திரி வேலையை முடித்துவிட்டு வந்தவள், ஒரு பழைய கரண்டியால் மண்ணைக் கிளறினாள். குப்பென்று புளித்த பால் வாடை. உள்ளே சத்து மாவு கட்டி கட்டியாகப் படிந்திருந்தது.

அவளுக்குச் சுருக்கென்றது. மாமியாருக்கு இதயம் பலவீனம். உடம்பு தேற வேண்டும், மனசுக்கு எந்த அதிர்ச்சியும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

கப்பலிலிருந்து உங்கள் பிள்ளை அனுப்பிய மாவு என்று சொல்லித்தான் தினமும் பாலில் கலக்கிக் கொடுப்பாள். நீங்கள் தூங்கும்போதுதான் அவர் போன் வருகிறது, அம்மா குடித்தார்களா என்றுதான் முதலில் கேட்கிறார் என்பாள். மாமியாரும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார். சற்று நேரத்தில் டம்ளர் காலியாக இருக்கும்.

"ஏன் அத்தை, நான் கலக்கறது பிடிக்கலையா?"

மாமியார் மெல்ல எழுந்து உட்கார்ந்தார்.

"குடிக்கிறீங்கன்னு நம்பிக்கிட்டு இருந்தேனே. அவர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

மாமியார் அவள் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்கார வைத்தார். இஸ்திரிச் சூட்டில் காய்த்துப்போன விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை என்றார். நீ இந்த வீட்டில் நடமாடுவதே இந்த ஒரு டம்ளரைப் பிடித்துக்கொண்டுதான், அதையும் தட்டிவிட்டால் நீ உடைந்துபோவாய் என்றுதான் செடிக்கு ஊற்றினேன் என்றார்.

அவள் ஒன்றும் புரியாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"செத்துப்போனவன் பேரைச் சொல்லிக் கொடுத்தா, பெத்தவளுக்கு எப்படிம்மா உள்ளே இறங்கும்?"